சவுண்டக்காவும் நான்காவது மைக்கும்

எங்கள் தேவாலயத்தின் ஒலிப் பொறுப்பாளர் அம்மையார் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், பாடகர் குழுவினரும் அலுவலகத்தாரும் ஒருங்கே நின்று உவந்தளிக்கும் பாராட்டு மடல்

கம்பிக்குள் ஓடும் குரலைக் கண்ணால் காண்பவர்போல் கண்டு களித்தவரே! ஏணியின் உச்சியில் ஏறி நின்றும் இறுமாப்பின் முதற்படியை மிதியாதவரே! தம் பேச்சைச் சுருக்கிப் பிறர் பேச்சைப் பெருக்கியவரே! கெட்டுப்போனது என்று மற்றவர் கைவிட்டதையெல்லாம், கெட்டது எங்கே, கெட்டது எப்படி என்று கேட்டுக் கேட்டே கைதூக்கி விட்டவரே! பெயரில் மட்டும் சவுண்டை வைத்துக்கொண்டு, பணிக்காலம் முழுவதும் ஒருவரிடமும் ஒருமுறையும் சவுண்டு விட்டறியாத எங்கள் சவுண்டக்காவே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து ஒயர் சுற்றப் போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காகவே ஒரு தந்திரம் செய்கிறோம். இனி இம்மடலில் 'நீங்கள்' என்று சொல்லாமல், சவுண்டக்கா என்று வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொல்லப் போகிறோம். ஊரார் கதை ஒன்றைக் கேட்பதாக எண்ணிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டுகிறோம்.

அலுவலக அறையில் தட்டச்சு செய்ய வந்தவர் சவுண்டக்கா. ஒரு ஞாயிறு காலை ஆராதனை நடுவே மைக் ஊளையிடத் தொடங்கியது. சபையார் காதைப் பொத்திக்கொண்டார்கள். போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டார். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த இவர், ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரேயொரு குமிழைத் திருகினார். ஊளையும் நின்றது, அன்றோடு இவர் தட்டச்சும் நின்றது. அதன் பிறகு எத்தனை திருமணங்கள், எத்தனை அடக்க ஆராதனைகள், எத்தனை குழந்தைகளின் திருமுழுக்கு அழுகைகள் இவர் கைவழியே கடைசி பெஞ்சு வரை போயிருக்கும் என்பதை நாங்கள் எண்ணவில்லை, இவரும் எண்ணியிருக்கமாட்டார். இவரது பொறுமையையும் நேரந்தவறாமையையும் பற்றி அலுவலகத்தார் தனியே இரண்டு பக்கம் எழுதித் தந்தார்கள். அவற்றை இம்மடலை மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறோம். இங்கே நாங்கள் சொல்ல வந்தது ஒரே ஒரு கதை. தொங்கு மைக் வந்த கதை.

எங்கள் ஆலயத்தின் கூரை உயரமானது; சுவர்கள் கருங்கல். இங்கே பாடிய ஒரு வரி மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி வந்து, அடுத்த வரியோடு முட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் பாடகர் மேடையில் ஸ்டாண்டு மைக்குகள் இரண்டு நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நிற்பவர் குரல்தான் ஆலயம் முழுவதும் கேட்கும். அந்த இடத்துக்காக எங்களுக்குள் மூண்ட புன்னகைப் போர்களை இங்கே விவரிக்கப் போவதில்லை. உடல் நலமின்றி வீட்டில் இருப்பவர்கள் ஆராதனையைப் போனில் கேட்க ஏற்பாடு செய்திருந்தோம். அவர்களில் ஒரு பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார்: "பாட்டு நல்லா இருக்கு. ஆனா ரெண்டு பேர்தான் பாடுறாங்க. மத்தவங்கள்லாம் ஊர்ல இருக்காங்களா, இல்லையா?"

அதைக் கேட்ட மறுநாள் சவுண்டக்கா கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தார், பார்த்தார், கழுத்து வலிக்கும் வரை பார்த்தார். பிறகு பாடகர் குழுவின் நடத்துநரிடம், எல்லோரும் பாட்டு வாத்தியார் என்று அழைக்கும் அவரிடம், போய்ச் சொன்னார்: மேலிருந்து மெல்லிய ஒயரில் சின்ன மைக்குகளைத் தொங்கவிட்டால், யார் பக்கத்தில் நிற்பது என்ற பேச்சே இராது, வரிசை முழுவதும் சமமாகக் கேட்கும்.

வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. "தலைக்கு மேல ஏதாவது தொங்கினா எல்லார் கண்ணும் அங்கதான் போகும். அப்புறம் என் கைய யாரு பாப்பா?"

"கொஞ்ச நாள் போட்டுப் பாப்போம் வாத்தியாரே. ஒத்துவரலைன்னா நானே ஏறி அவுத்துடுறேன்."

"சொன்ன சொல் மாறக்கூடாது."

"மாறமாட்டேன்."

சாரம் கட்டி, தச்சரைக் கூட்டி வந்து, உத்தரத்தில் கொக்கி அடித்து, வரிசைக்கு ஒன்றாக நான்கு மைக்குகளை இறக்கினார். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத கறுப்பு மைக்குகள். அவற்றை வைக்கும் உயரத்துக்காக அவர் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்தோம். கொஞ்சம் இறங்கினால் யாராவது ஒருவர் குரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்; கொஞ்சம் ஏறினால் ஆளை விட்டுவிட்டுக் கூரையின் எதிரொலியை வாங்கும். ஒருவழியாக உயரம் அமைந்ததும் மின்விசிறி தன் வேலையைக் காட்டியது. காற்றில் ஒயர் முறுக்கிக்கொண்டு, பெண்கள் பக்கம் பார்க்க வேண்டிய மைக் ஆண்களைப் பார்த்துத் திரும்பி நின்றது. சவுண்டக்கா கடைக்குப் போய்த் தூண்டில் நரம்பு வாங்கி வந்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார். அதன்பின் மைக்குகள் அசையவில்லை. கீழேயிருந்து பார்த்தால் நரம்பும் தெரியவில்லை.

முதல் ஒத்திகை. சவுண்டக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மைக்காகத் திறந்தார். முதல் வரிசை, உச்சக் குரலில் பாடும் சோப்ரானோ பெண்கள், தெளிவு. சற்றுத் தாழ்ந்த குரல் ஆல்டோ பெண்கள், இத்தனை காலம் இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும் இனிமை. மெல்லிய குரல் டெனர் ஆண்கள், பிரமாதம். நான்காவது, தடித்த குரல் ஆண்கள் நிற்கும் பேஸ் வரிசை. அங்கே ஒலி மெலிந்திருந்தது.

மெலிவதற்கு நியாயமே இல்லை. அந்த வரிசையின் வலக்கோடியில் நிற்பவர் டிரைவர் அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பாடினால் ஹாரனே வேண்டாம் என்று அந்தக் காலத்தில் பயணிகள் சொல்வார்களாம். வரிசையில் ஐந்து பேர் நின்றாலும் பாதிக் குரல் அவருடையது என்பது ஊரறிந்த செய்தி. கழுத்தில் ஒரு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பேச்சு கரகரத்துப் போயிருந்தது. "பாட்டுக்கு ஒண்ணும் இல்ல, பேச்சுதான் இப்படி" என்று அவர் சொல்லியிருந்ததை எல்லோரும் நம்பினோம்.

சவுண்டக்கா மைக்கை மாற்றினார், மெலிவு போகவில்லை. ஒயரை மாற்றினார், போகவில்லை. பேஸ் வரிசையையும் டெனர் வரிசையையும் இடம் மாறி நிற்கச் சொன்னார். இப்போது நான்காவது மைக் கணீரென்று ஒலித்தது, மூன்றாவது மெலிந்தது. அப்படியானால் கோளாறு கருவியில் இல்லை. ஆட்களோடு நடந்து போகிறது! வேறொருவராயிருந்தால் குமிழை ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவருக்கோ அது முடியாத காரியம். எல்லோரையும் பழைய இடத்தில் நிற்க வைத்து, உயரம் சரிபார்ப்பதாகச் சொல்லி நரம்பைத் தளர்த்தி, ஒவ்வொரு பாட்டுக்கும் மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்த்தினார். ஒவ்வொருவர் குரலும் தன் முறை வந்ததும் முன்னே வந்து நின்றது. வலக்கோடிக்கு வந்தபோது மற்றவர்கள் தூரமாய்க் கேட்டார்கள். அருகில் யாருமே இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் அண்ணன் வாயை அகலத் திறந்து, புருவம் ஏறி இறங்க, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார். மீண்டும் மாட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் குரல் இல்லை.

ஒத்திகை முடிந்து எல்லோரும் கலைந்ததும், "அண்ணே, இந்த ஒயரைக் கொஞ்சம் புடிங்க" என்று அவரை நிறுத்திக்கொண்டார். அவர் பிடித்தார், இவர் சுற்றினார்.

"மைக்ல உங்க குரல் வரல அண்ணே."

"மைக் சரியில்லையோ என்னவோ."

"மைக் நல்லாதான் இருக்கு. எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்."

அண்ணன் கையிலிருந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆபரேஷன்ல நரம்புல ஏதோ பட்டுடுச்சும்மா. பேச்சு இவ்வளவுதான் மிச்சம். பாட்டு சுத்தமா போச்சு."

"அப்புறம் ஏன்ணே..."

"எங்க போறது? ஒத்திகை நாள் வந்தா கால் தானா இங்க வருது. வாயத் திறந்து நிக்கும்போது நான் பாடுறேன்னுதான் எனக்கே தோணும். பக்கத்துல நிக்கிறவன் குரல் என் நெஞ்சுல வந்து அதிரும். அது போதும்னு இருந்தேன்." ஒயரைச் சவுண்டக்கா கையில் கொடுத்தார். "இப்ப மைக் வந்துடுச்சு. இனிமே நின்னா அது ஏமாத்து வேலை."

"யாருக்கும் தெரியாது அண்ணே. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"உனக்குத் தெரியுமேம்மா."

அடுத்த ஒத்திகைக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. ஒரு மனிதரை அவர் ஆசையாய் நின்ற இடத்திலிருந்து தன் ஆராய்ச்சி தள்ளிவிட்டதே என்று சவுண்டக்கா மனம் நொந்துபோனார். ஆனால் அன்று நடந்ததுதான் வேடிக்கை. பேஸ் வரிசை சிதறிப்போனது. ஒருவர் முன்னால் பாய்ந்தார். ஒருவர் அரை மனதாய்ப் பின்னால் வந்தார். மற்ற இருவரும் இந்த இருவரையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் இதே கூத்து. அந்த ஞாயிறு நடக்கவிருந்த சிறப்பு ஆராதனை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வாத்தியார் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"என்னய்யா ஆச்சு உங்களுக்கு? மேல மைக்கப் பாக்குறீங்களா, என் கையப் பாக்குறீங்களா?"

"கையத்தான் வாத்தியாரே பாக்குறோம்."

"பாத்துமா இந்த லட்சணம்?" வாத்தியார் சவுண்டக்கா பக்கம் திரும்பினார். "நான் சொன்னது நடந்துடுச்சு பாத்தீங்களா? இந்த ஞாயித்துக்கிழமை முடிஞ்சதும் அவுத்துடுங்க. சொன்ன சொல் ஞாபகம் இருக்குல்ல?"

சவுண்டக்கா தலையாட்டினார். சொன்ன சொல்லை மறப்பவர் அல்லர். ஆனால் அவர் மனம் அங்கே இல்லை. ஒலியே தராத ஒருவர் போனதும் ஒலி சிதறுகிறதென்றால் என்ன பொருள்? எரியாத பல்பைக் கழற்றியதும் அறை இருண்டுபோனால் யாருக்குத்தான் அது புதிராக இருக்காது?

ஒத்திகைகளை மைக் வாரியாகத் தனித்தனியே பதிந்து வைப்பது அவர் வழக்கம். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டிரைவர் அண்ணன் வந்திருந்த ஒத்திகையில் நான்காவது மைக்கை மட்டும் போட்டு, ஒலியைக் கூட்டிக் கேட்டார். மின்விசிறி கேட்டது. பக்கம் புரட்டும் ஓசை கேட்டது. யாருடைய செருப்போ கீச்சிட்டது. பிறகு பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன், நீளமாக, ஆழமாக, ஒரு மூச்சு உள்ளே போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நான்கு சின்ன மூச்சுகள். உடனே நான்கு குரல்களும் ஒரே குரலாய் எழுந்தன. அடுத்த வரியிலும் அப்படியே. முதலில் அந்தப் பெரிய மூச்சு; தொடர்ந்து சின்ன மூச்சுகள்; பிறகு பாட்டு. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார். அண்ணன் வராத நாளின் பதிவையும் கேட்டார். அதில் ஆளுக்கொரு நேரத்தில் மூச்செடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரிடமும் வாய் திறக்காமல் நேரே டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் முதல் வரிசைப் பெண்களில் ஒருவர். கணவரின் குரல் போனது அவருக்கு முன்பே தெரியும், தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காதவர். சவுண்டக்கா ஒன்றும் விளக்காமல் பதிவைப் போட்டார். முதல் மூச்சு கேட்டதுமே அண்ணி கையிலிருந்த சட்டையோடு நிமிர்ந்தார்.

"இது இவர்தானே?"

"நானா?" என்றார் அண்ணன்.

"வேற யாரு இப்படி இழுப்பா? எத்தனை வருஷமா பக்கத்துல படுத்துக் கேக்குறேன்!"

அண்ணன் மறுபடி போடச் சொன்னார். இன்னொரு முறை போடச் சொன்னார். "பாடப் போறேன்னு நினைச்சுத்தான் இழுக்குறேன்" என்றார் மெல்ல. "அப்புறம் ஒண்ணும் வராது."

"மத்தவங்களுக்கு வருது அண்ணே" என்றார் சவுண்டக்கா. "வாத்தியார்கிட்ட இதப் போட்டுக் காட்டவா? வேண்டாம்னா இப்பவே அழிச்சுடுறேன்."

அண்ணி சட்டையை மடித்து முடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"போட்டுக் காட்டாதம்மா. நானே வந்து சொல்லிடுறேன்."

வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நடந்த கடைசி ஒத்திகையில், எங்கள் எல்லோர் முன்னாலும் நின்று, அந்தக் கரகரத்த குரலில், தமக்குப் பாட்டு போய்விட்டது என்றும், போன பின்னும் வாயை மட்டும் அசைத்து நின்றதாகவும் சொன்னார். சவுண்டக்கா எதற்காகத் தம்மைத் தேடி வந்தார் என்பதையும் சொன்னார். வாத்தியார் கண்டிப்புக்குப் பேர்போனவர் என்பதை இம்மடலில் எழுத அவரே அனுமதித்திருக்கிறார்.

"பாடாதவர் பாடகர் குழுவுல நிக்கிறது முறை இல்ல" என்றார் அவர். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். "முறைய அப்புறம் பேசிக்கலாம். போய் உங்க இடத்துல நில்லுங்க."

அண்ணன் போய் நின்றார். வாத்தியார் தம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் கையத் தூக்கமாட்டேன். பேஸ் வரிசை தொடங்கட்டும்."

எப்படித் தொடங்குவது? எங்களுக்குப் புரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது அண்ணன் மூச்சை இழுத்தார். அடுத்த கணம் அந்த நான்கு பேரும் ஒரே ஆள் வாய்திறந்தது போலப் பாடத் தொடங்கினார்கள். மற்ற மூன்று வரிசைகளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டோம். பாட்டு முடியும் வரை வாத்தியார் கையை அவிழ்க்கவில்லை.

"இத்தனை வருஷமா இவங்க என் கையப் பாத்துதான் பாடுறாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்!" என்றார் கடைசியில். நாங்கள் சிரித்தோம். கொஞ்சம் தாமதமாக அவரும் சிரித்தார். பிறகு டிரைவர் அண்ணனை வலக்கோடியிலிருந்து அழைத்து வரிசையின் நடுவில் நிறுத்தினார். "நாலு பேருக்கும் நல்லா கேக்கட்டும்" என்றவர், மேலே பார்க்காமலேயே, "மைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பேஸ் வரிசையாரை நாங்கள் பிறகு விசாரித்தோம். அவர்களில் ஒருவர் சொன்ன பதில் இது: "எப்ப ஆரம்பிக்கணும்னு தெரியும். எப்படித் தெரியுதுன்னு தெரியாது."

சிறப்பு ஆராதனைக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒலிக்காரர் ஒருவர், அந்த மூச்சு ஒலியை வடிகட்டிவிடலாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று சவுண்டக்காவுக்கு யோசனை சொன்னார். இவர் நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பொத்தானைத் தொடாமலே விட்டுவிட்டார். மறுவாரம் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. ஒரு காலத்தில் எங்களோடு ஆல்டோ பாடியவர், இப்போது நடமாட முடியாமல் வீட்டில் இருக்கும் டீச்சரம்மா. "இப்பல்லாம் பாட்ட எங்க எடுக்கணும்னு எனக்குத் தெரிஞ்சுடுது. கூடவே பாடிடுறேன்" என்றார். சவுண்டக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த வரியில எடுத்தீங்க? முதல் வரியிலயேவா?" என்று ஆவலாய்க் கேட்டுக்கொண்டிருந்ததை அலுவலகத்தார் நேரில் கண்டார்கள்.

அம்மையீர்! தந்திரத்தை இங்கே முடித்துக்கொண்டு, மீண்டும் உங்களை நோக்கியே பேசுகிறோம்.

பிறர் குறை கண்டால் பேசித் திரிபவர் உண்டு. பேசாமல் விலகுபவரும் உண்டு. குறையென்று கண்டதை இன்னும் ஒருமுறை கூர்ந்து கேட்டு, குறைக்குள் நிறையைக் கண்டு, கண்டதை உரியவரிடமே முதலில் ஒப்படைத்த உங்கள் உள்ளத்தின் உயர்வை என்னென்பது! மகள் வீட்டுக்குக் குடிபோகிறீர்கள் என்று அறிந்தோம். பக்கத்தில் ரயில் போகுமாமே. எந்த ஜன்னலில் அதன் ஓசை முதலில் கேட்கும் என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறீர்களாமே! அந்த ஜன்னலோரம் உங்களுக்கு நல்ல காற்றும், நலம் குன்றா உடலும், நரை ஏறினும் நுட்பம் குறையாக் காதும், கேட்கக் கேட்கத் தீராத கேள்விகளும் வாய்க்கப்பெற்று, நீடு வாழ வேண்டுமென எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.

ஒரு விண்ணப்பம். இத்தனை ஆண்டுகளில் எங்கள் பாட்டு ஒன்றையாவது ஒயர் வழியாக அன்றி நேரே முழுதாகக் கேட்டதே இல்லை என்று சென்ற வாரம் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். ஆகவே இன்று மைக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம். ஹெட்போனை ஒளித்து வைத்துவிட்டோம், தேட வேண்டாம். உங்களுக்கு நடு பெஞ்சில் இடம் போட்டிருக்கிறோம். இம்மடலை உங்கள் கையில் கொடுத்ததும் பாடத் தொடங்குகிறோம். முடிந்ததும், நாங்கள் உண்மையில் எப்படித்தான் ஒலிக்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் பதிலுக்குக் கொஞ்சம் பயந்தபடி,
சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் வரிசையினர்,
பாட்டு வாத்தியார்,
அலுவலகத்தார்,
மற்றும் இக்கதையைச் சபையில் சொல்லலாம் என்று மனமுவந்து இசைவு தந்த டிரைவர் அண்ணன்